340 மீட்டரில் பெரியப்பா

கஹவத்தைக்கும் ரக்வானைக்கும் நடுவே, மேலே தேயிலையும் கீழே ரப்பருமாகக் கிடக்கிற எங்கள் தோட்டத்தின் கீழ்ப்பிரிவு லயத்தில் இன்றைக்கு மூன்று சுவிசேஷ ஒலிபரப்பு நிலையங்கள் இயங்குகின்றன. கோபுரம், கொட்டகை, காவலாளி எதுவும் கிடையாது. ஒரு கைபேசி, அதைச் சாய்த்து வைக்க ஒரு பால்மாப் பெட்டி, சுவரின் ஈரக்கறையை மறைக்கத் தொங்கவிட்ட ஒரு சேலை, அவ்வளவுதான் நிலையம். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்ததும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் உலகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்குவார்கள். நடுக் காம்பராக்காரர் மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவர். அந்த நேரத்துக்கென்றே டிவியில் கிரிக்கெட்டைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டிவிடுவார். உலகத்துக்கு அதுவும் சேர்ந்தே கேட்கும்.

மூன்றில் ஒன்று என் தங்கச்சி மகனுடையது. அதனால் இந்த விஷயத்தில் என்னிடம் நடுநிலைமையை எதிர்பார்க்க வேண்டாம்.

எங்கள் காலத்தில் சுவிசேஷம் புத்தளத்திலிருந்து வந்தது. டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ என்ற அமெரிக்க அமைப்பு 1978இல் அங்கிருந்து ஒலிபரப்பத் தொடங்கியது. மத்திய அலையில் 882 கிலோஹேர்ட்ஸ்; பழைய பெட்டிகளின் முகத்தில் மீட்டர் கணக்குப் பார்த்தால் 340. சக்தி 400 கிலோவோட். அதாவது நாலு லட்சம் வோட். அதைக் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் லயத்திலோ நாற்பது வோட் பல்பு ஒன்றுகூட இல்லை. தொரை பங்களாவிலும் ஸ்டோர் என்கிற தொழிற்சாலையிலும் மின்சாரம் எரிந்தது, எங்களுக்குக் குப்பி லாம்பு. புத்தளத்து நாலு லட்சம் வோட் காற்றிலேயே வந்து சேர்ந்துவிட்டது. அரை மைலுக்கு அப்பால் இருந்த ஸ்டோரிலிருந்து கம்பி வழியாக வரவேண்டிய கரண்டுக்குத்தான் இன்னும் பல வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த அமைப்பின் பூர்வீகமே கொஞ்சம் வேடிக்கையானது. போல் ஃப்ரீட் என்பவர் 1954இல் மொரோக்கோவின் டான்ஜியர் நகரத்தில் தொடங்கினார். அந்த நாட்டு அரசாங்கம் வானொலிகளையெல்லாம் தன் கைக்குள் எடுக்கப் போகிறது என்றானதும், 1960இல் மொன்டே கார்லோவுக்கு இடம் மாறினார்கள். அங்கே கிடைத்த கட்டடம், யுத்த காலத்தில் ஜெர்மன்காரர்கள் ஹிட்லரின் பிரசாரத்துக்காகக் கட்டத் தொடங்கியது. பிரசாரத்துக்குப் போட்ட சுவருக்குள் பிரசங்கம் நடந்தது. பிறகு 1964இல் கரிபியன் கடலில் பொனேர் தீவு, 1974இல் சுவாசிலாந்து, 1977இல் குவாம். அடுத்த வருஷம் புத்தளம்.

புத்தளம் என்றதும் இலங்கைக்காரர்கள் மீது வந்த கரிசனை என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் கம்பங்கள் பார்த்த திசை இந்தியா. இந்தியாவுக்குள் யாருக்கும் அப்படி ஒரு நிலையம் வைக்க அனுமதி இல்லை. அகில இந்திய வானொலி அந்தக் காலத்தில் மதப் பிரசங்கத்துக்கு நேரம் விற்றதில்லை. ஐம்பதுகளில் மந்திரி கேஸ்கர் சினிமாப் பாட்டையே வாசலுக்கு வெளியே நிறுத்தியவர். ஆகவே சினிமாப் பாட்டு எந்த வழியாகக் கடல் தாண்டி இந்தியாவுக்குள் போனதோ, அதே வழியில்தான் சுவிசேஷமும் போனது. 1950இல் தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக சேவை காசு கொடுத்த எல்லோரையும் சமமாக நடத்தியது. சவர்க்காரத்துக்கும் நிமிஷக் கணக்கு, இரட்சிப்புக்கும் நிமிஷக் கணக்கு. அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரலுக்குக் காத்திருந்த அதே காதுகளுக்கு, அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பிறந்த 'பேக் டு த பைபிள்' என்ற அமைப்பின் தமிழ் நிகழ்ச்சியான 'சத்திய வசன'மும் வந்தது. தியோடர் வில்லியம்ஸ் சத்தம் போடாமல், பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் மாதிரி விளக்குவார். எழுபதுகளில் டி.ஜி.எஸ். தினகரன் வந்தார். அவர் ஜெபம் செய்கிறபோது எதிர்க்காம்பரா ஆத்தா ரேடியோவின் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கும். ஆத்தா கழுத்தில் மாரியம்மன் கயிறு. அதையும் கழற்றியதில்லை, கையையும் எடுத்ததில்லை.

ரேடியோ பெரியப்பாவுடையது. பால்வெட்டுக்காரர். விடியுமுன் தலையில் லாம்பு கட்டிக்கொண்டு ரப்பர் மலைக்குப் போனால் பகல் பத்துப் பதினொன்றுக்கு வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு தோட்டத்துக்குத் தெரியாமல் மாணிக்கக் குழியில் தண்ணீர் இறைக்கப் போவார். இரத்தினபுரி மாவட்டத்தில் இதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல் ஒன்றும் அவர் கண்ணில் படவில்லை. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்து, கடைகளில் ஜப்பான் சாமான் குவிந்தபோது, இறைத்த கூலியைச் சேர்த்து ஒரு நேஷனல் பெட்டி வாங்கினார். பத்துக் காம்பரா லயத்துக்கும் அது ஒன்றுதான். நாலு பட்றி மாற்றினால் அந்த வாரம் கருவாடு இல்லை என்பது பெரியம்மாவின் நிரந்தரப் புகார்.

பகலில் 340ஆம் மீட்டரில் இரைச்சல்தான் வரும். பொழுது இறங்கியதும் குரல் தெளியும். பெரியப்பா இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

"பகல்ல வானம் தெறந்து கெடக்குது. சத்தம் ஓடிப்போயிரும். ராவுல மூடிக்கும். மோதித் திரும்பி நம்ம லயத்துல விழும்."

ஸ்டோர் ஃபிட்டரிடம் கேட்டது என்றார். பெரும்பாலும் சரிதான். வெயில் இருக்கும்வரை வானத்தின் கீழடுக்கு ஒன்று மத்திய அலையைத் தின்றுவிடும். இருட்டியதும் அந்த அடுக்கு கரைய, அதற்கு மேலே உள்ளது அலையைத் திருப்பி அனுப்பும். லயத்தில் இதைச் சொன்னவர் பெரியப்பா ஒருவர்தான் என்பதால், வானம் திறப்பதும் மூடுவதும் அவர் பொறுப்பில் இருப்பதுபோல் எங்களுக்கு ஒரு மரியாதை.

வடக்குப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவரின் முதுகுப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்கள் நாங்கள். வணக்கம் சொன்னால் இந்திய நேயர்களுக்கு. கடிதம் எழுதச் சொன்னால் இந்திய விலாசத்துக்கு. விசுவவாணியின் எமில் ஜெபசிங் பேசினால் திருநெல்வேலியும் நாகர்கோவிலும்தான் வரும், பெல்மதுளையும் பலாங்கொடையும் வராது. எங்களுக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. இந்தியாவைப் பார்த்துப் பேசுவது எங்களைப் பற்றித்தான் என்று நினைக்கப் பழகியிருந்தோம். 1964 ஒப்பந்தத்தில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் பிரஜாவுரிமை இல்லாத எங்களைப் பங்கு போட்டபோது 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேருக்குப் பத்து வருஷம் கழித்து இன்னொரு ஒப்பந்தம் போட்டு ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் அப்பா இலங்கைக்கு எழுதிப்போட்டார், பெரியப்பா இந்தியாவுக்கு. ஒரே இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த அண்ணன் தம்பிகள்.

டெக்சாஸில் பிறந்த ஜே. வெர்னன் மெக்கீ என்ற போதகரின் தொடர் ஒன்று உண்டு. பைபிள் முழுவதையும் ஐந்து வருஷத்தில் கடப்பார். முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து தொடங்கும். அது பல மொழிகளுக்குப் போனது, தமிழுக்கும் வந்தது. 1988இல் மெக்கீ காலமானார், தொடர் நிற்கவில்லை. எங்கள் பிரஜாவுரிமை விவகாரமும் இதே தினுசு. பேசியவர்கள் காலமாகிக்கொண்டிருந்தார்கள், கோப்பு திரும்பவும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தது.

பெரியப்பா தபால்வழி வேதபாடத்தில் சேர்ந்ததற்கு பக்தியா, பொழுதுபோக்கா, இந்தியாவோடு ஒரு தொடர்பு இருக்கட்டும் என்ற முன்யோசனையா என்று பெரியம்மாவுக்கே தெரியாது. இலவசம் என்று ரேடியோவில் சொன்னார்கள். கேள்வித்தாள் வரும், பதில் எழுதி அனுப்ப வேண்டும். எழுதியது நான். பெரியப்பாவுக்கு வாசிக்க வரும், எழுத்துக்கூட்டி எழுதுவதற்குள் குப்பி லாம்பில் எண்ணெய் தீர்ந்துவிடும். எகிப்தை விட்டு இஸ்ரவேலர் புறப்பட்ட பகுதியை அவர் விளக்கியபோது அதில் தலைமன்னாரும் கப்பலும் வந்தன. நான் அப்படியே எழுதினேன். முழு மார்க் போட்டிருந்தார்கள்.

தோட்டத்தில் தபால் நேரே லயத்துக்கு வராது. எல்லாக் கடிதமும் ஆபீசுக்குப் போகும். அங்கே கிளாக்கரையா பார்த்து, அவருக்கு மனமிருக்கிற நாளில், வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் பேர் கூப்பிட்டுக் கொடுப்பார். பெரியப்பாவின் பாடம் முடிந்து சான்றிதழ் வந்த தடித்த உறை ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தது. இந்திய முத்திரையைக் கண்டதும் பாஸ்போர்ட் விஷயம் என்று நினைத்ததாகக் காரணம் சொன்னார்கள். உள்ளே வழவழப்பான தாளில் பெரியப்பாவின் முழுப் பெயர், முன்னால் 'திரு.' என்று. தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் அவர் நம்பரும் பாதிப் பெயரும்தான். பிறப்புப் பதிவு கிடையாது. இரண்டு அரசாங்கம் சேர்ந்து ஒரு துண்டுக் காகிதம் கொடுக்கத் திணறிக்கொண்டிருந்தபோது, முகம் தெரியாத ஒரு வானொலி அவருக்கு மரியாதை அடைமொழியோடு பெயரை அச்சடித்து அனுப்பிவிட்டது. பெரியம்மா அதைச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, இரண்டுக்கும் சேர்த்துச் சாம்பிராணி காட்டினாள். பாதிரியார் ஒருவர் பார்த்துவிட்டு முருகனை இறக்கச் சொன்னார். அவள் பாதிரியாருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

அந்தப் பாதிரியார் பழைய மிஷன் பரம்பரை. 1854இல், கோப்பித் தோட்டக் காலத்தில், வெள்ளைக்காரத் தொரைமார் திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்களை வரவழைத்துத் தொடங்கிய 'தமிழ்க் கூலி மிஷன்' அது. பேரைப் பாருங்கள். வானொலியை அவர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காது, ரேடியோ காணிக்கைத் தட்டு நீட்டாது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். கத்தோலிக்கர் வீட்டில் மணிலாவின் வேரித்தாஸ் சிற்றலையில் கரகரக்கும். சீஷெல்ஸ் தீவிலிருந்து ஃபீபா என்று ஒன்று வரும், 1970இல் தொடங்கியது, கடலுக்குள் பவளப்பாறை மேல் கம்பம் நட்டிருந்தார்களாம். ஆக, எங்கள் லயத்துக்கு மணிலாவிலிருந்தும் சீஷெல்ஸிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் ஆண்டவர் பேசிக்கொண்டிருந்தார். இரத்தினபுரி அரசாங்கக் கச்சேரியிலிருந்துதான் யாரும் பேசவில்லை.

1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, கஹவத்தை, ரக்வானை, பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டங்களில் தமிழர்களுக்கு அடி விழுந்தது. 1977இல் ஒரு தடவை பார்த்ததுதான். ரப்பர் மரங்களுக்குள் இரண்டு ராத்திரி கிடந்தோம். பெரியப்பா பெட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். அந்த இரண்டு ராத்திரியும் 340ஆம் மீட்டர் பக்கம் முள் போகவில்லை. பிபிசி தமிழோசைக்குத்தான் திருப்பினார், அதுவும் காதோடு ஒட்டவைத்து, மூச்சளவு சத்தத்தில். ஒரு மைலுக்கு அப்பால் எது எரிகிறது என்பதை லண்டன் சொல்லித் தெரிந்துகொள்ளும் வசதி எங்களுக்கு இருந்தது.

அடுத்த வருஷம் பெரியப்பாவின் பாஸ்போர்ட் வந்தது. ஓப்பநாயக்க வரை ஓடிய சின்ன ரயிலை 1976இலேயே நிறுத்திவிட்டதால் பஸ்ஸில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து தலைமன்னார் ரயில், பிறகு இராமேஸ்வரத்துக்குக் கப்பல். பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுச் சான்றிதழைக் கொண்டுபோனார். கோத்தகிரிப் பக்கம் தேயிலையிலேயே வேலை கிடைத்தது. அங்கேயிருந்து வந்த முதல் கடிதத்தில் குடும்ப விஷயம் பாதி, மீதி இப்படி: "நம்ம புத்தளம் ரேடியோ இங்க கண்ணாடி மாதிரி கேக்குது. அங்க இரைச்சல்ல தவறவிட்டதெல்லாம் இப்ப தான் வெளங்குது." கணக்கு அப்படித்தான் வருகிறது. எங்கள் தோட்டத்திலிருந்து புத்தளம் சுமார் 200 கிலோமீட்டர், கோத்தகிரியிலிருந்து சுமார் 500. பக்கத்தில் இருந்த எங்களுக்குக் கரகரப்பு, கடல் தாண்டிப் போனவருக்குக் கண்ணாடி. இந்தியாவுக்கென்று அனுப்பிய குரலைச் சரியாகக் கேட்க அவர் இந்தியாவுக்கே போக வேண்டியிருந்தது.

மிச்ச வரலாற்றைச் சுருக்கிவிடலாம். லயத்துக்குக் கரண்ட் வந்தது, அதோடு டிவி வந்தது, ரேடியோவின் மேல் டிவியை வைத்தார்கள். பண்பலை வந்தபின் மத்திய அலைப் பக்கம் முள்ளைத் திருப்புவதற்கு முள்ளே இல்லாத பெட்டிகள் வந்தன. 2003இல் இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் ஒருவழியாக நிறைவேறியது. அதே 2003இல் சீஷெல்ஸ் கம்பங்கள் ஓய்ந்தன. 2018இல் வேரித்தாஸும் சிற்றலையை விட்டு இணையத்துக்குப் போனது. நாங்கள் பிரஜைகளானோம், எங்களோடு பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கடையைச் சாத்தினார்கள்.

இப்போது எங்கள் முறை. கைபேசி ஒன்று கோபுரத்துக்கு அனுப்பும் சக்தி கால் வோட்டுக்கும் குறைவு. புத்தளத்து நாலு லட்சம் வோட்டோடு ஒப்பிட்டால் வெட்கமாக இருக்கும். ஆனால் மருமகனின் குரல் மெக்கீ போன இடத்துக்கெல்லாம் போகிறது. சிக்னல் மட்டும் லயத்தில் சரியில்லை. மழைநாளில் பெரட்டுக்களத்துக்கு மேலே இருக்கிற பாறைக்கு ஏறிப்போய், குடையைப் பிடித்துக்கொண்டு பிரசங்கம் செய்வான். மலைப் பிரசங்கம் என்று நான் சொன்னதற்குச் சிரிக்கவில்லை.

"நேத்து லைவ்ல அறுபது பேரு மாமா."

"நம்ம லயத்துல எத்தன பேருடா?"

"லயத்துல எதுக்கு மாமா? அவங்களுக்குத்தான் நேராவே கேக்குதே."

அறுபது பேர் யாரென்று பார்த்தேன். கோத்தகிரியில் பெரியப்பாவின் பேரப்பிள்ளைகள். எழுபத்தேழில் அடிபட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள். கட்டாரில் இருவர், இத்தாலியில் ஒருத்தி. அன்றைக்கு இந்தியாவுக்குப் போகிற பேச்சை நாங்கள் இங்கிருந்து ஒட்டுக்கேட்டோம். இன்றைக்கு நாங்கள் பேசுவதை இந்தியா கேட்கிறது, பக்கத்துக் காம்பரா கிரிக்கெட் பார்க்கிறது.

வேகத்தில் குறையில்லை. பெரியப்பாவின் கடிதத்துக்குப் பதில் வர ஒரு மாதம், சில வேளை இரண்டு. இப்போது ஜெபம் தொடங்குமுன்னே ஆமென் வந்துவிடுகிறது. மருமகன் இன்னும் வாக்கியத்தின் எழுவாயில் நிற்கிறான், கட்டார் ஆமென் போட்டுவிட்டுப் போய்விட்டது. ஒரு தடவை பழைய கீர்த்தனை ஒன்றைப் பின்னணியில் போட்டான். பாட்டுக்கு வேறு யாரோ சொந்தக்காரர் என்று சொல்லிப் பாதிப் பிரசங்கத்தின் சத்தத்தையே அடைத்துவிட்டார்கள். வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்த அந்தப் பாதிக்கு வழக்கத்தைவிட அதிக இதயம் விழுந்தது.

போன வருஷம் நல்ல மைக் ஒன்று வேண்டுமென்று இணையத்தில் ஓடர் போட்டான். கூரியர்காரர் ரக்வானையிலிருந்து கூப்பிட்டார். வீட்டு நம்பர் கேட்டார், இல்லை. ரோட்டுப் பேர் கேட்டார், அதுவும் இல்லை. தோட்டத்தின் பேரும் பிரிவும் சொன்னான், அது விலாசம் இல்லையே என்றார் அவர். நான்கு நாட்டுக்கு ஒலிபரப்புகிற நிலையத்துக்குக் கதவு இலக்கம் கிடையாது. லயத்துக்கு இன்னமும் தபால் நேரே வருவதில்லை. கடைசியில் டவுன் பார்மசியில் வைத்துவிட்டுப் போகச் சொல்லி, ஆட்டோ பிடித்துப்போய் எடுத்து வந்தான்.

புது மைக்கில் முதல் நிகழ்ச்சிக்கு என்னை எழுதித்தரச் சொன்னான். "அந்தக் காலத்து ரேடியோ மாதிரி இருக்கணும் மாமா" என்றான். நானும் பழைய தோரணையில், அன்பான நேயர்களே என்று தொடங்கி, நீங்கள் கடிதம் எழுத வேண்டிய விலாசம் என்று முடித்து, அந்த இடத்தைக் காலியாக விட்டுக் கொடுத்தேன். அவன் கொஞ்சமும் தடுமாறாமல் ரக்வானைப் பார்மசியின் விலாசத்தை இரண்டு முறை நிறுத்தி நிறுத்திச் சொன்னான். கடைக்காரர் முஸ்லிம், முன்பே கேட்டுவைத்திருக்கிறான். கடிதம் வந்தால் மருந்து ராக்கையில் ஒரு தட்டில் போட்டுவைப்பதாகவும், வெள்ளிக்கிழமை பகல் மட்டும் கடை சாத்தியிருக்கும் என்று நேயர்களுக்குச் சொல்லிவிடும்படியும் சொன்னாராம். அதையும் சொன்னான்.